பழைய எஞ்சினுக்குப் புதிய மூச்சு
லாண்ட் றோவர் டீசல் எஞ்சினும் டேர்போ சார்ஜரும்: ஒரு தொழினுட்ப - சமூக நோக்கு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் எதனை முதலில் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார் என்பனவே அங்கு முதன்மை பெறுகின்றன. ஆனால் உற்பத்தியின் அன்றாட நடைமுறையை நோக்குவோமாயின் வேறொரு தோற்றம் தென்படும். இருக்கின்ற இயந்திரத்தை எறிந்துவிட முடியாத நிலையில், அதனுடன் புதிய உறுப்பொன்றைச் சேர்த்து அதனிடமிருந்து கூடிய வேலையைப் பெறும் முயற்சியே தொழினுட்ப வளர்ச்சியின் பெரும் பகுதியாக இருந்துள்ளது. இம்முயற்சியின் இயல்பையும் எல்லைகளையும் ஓர் எடுத்துக்காட்டின் மூலம் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, பாதையற்ற நிலத்திலும் ஓடவல்ல லாண்ட் றோவர் வாகனத்தின் டீசல் எஞ்சின். 1948 ஏப்பிரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இவ்வாகனம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1957இல் அதற்கு டீசல் எஞ்சின் கிடைத்தது. 1961இல் அந்த எஞ்சின் 2,286 கன சென்ரிமீற்றராகப் பெருப்பிக்கப்பட்டு 62 பரிவலு தரும் நிலையை எய்தியது. இதனையே நாம் 2.25 லீற்றர் எஞ்சின் எனக் குறிப்பிடுவோம். கமக்காரர், தோட்டத் துறையினர், அரச திணைக்களங்கள், படையினர் ஆகியோரிடையே உலகின் பல பாகங்களிலும் அது பல தசாப்தங்கள் உழைத்தது. இதே எஞ்சினின் வழித்தோன்றலுக்கு 1986இல் டேர்போ பொருத்தப்பட்டது. அதனால் விளைந்தவை யாவை? எவை எதிர்பார்க்கப்பட்டன, எவை எதிர்பாராமல் நிகழ்ந்தன? இவ்வினாக்களுக்கு விடை காணுமுன் சில அடிப்படைகளை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. காற்றே எல்லை

எஞ்சினின் வலு அதில் எரிக்கப்படும் எரிபொருளைப் பொறுத்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முழுமையானதன்று. எரிபொருளை வேண்டிய அளவு உட்செலுத்துதல் எளிது. ஒரு திருகாணியைத் திருப்பினாலே போதும். ஆனால் அதனை எரிப்பதற்கான ஒட்சிசனை உள்ளே கொண்டுவருவதே கடினம். ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருள் தகனம் நிகழவேண்டிய இறுதிக் கணத்திலேயே விசிறப்படுவதால் அது காற்றுடன் செவ்வனே கலப்பதற்குப் போதிய நேரமில்லை. ஆகவே நடைமுறையில் இதிலும் கூடிய காற்றுத் தேவைப்படுகிறது. காற்றுப் போதாதவிடத்து எரியாத கரி கரும்புகையாக வெளியேறும். மேட்டுப் பாதையில் ஏறும் பழைய லொறியின் பின்னால் நாம் காணும் புகை இதுவே.

2.25 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது, நான்கடிப்பு முறையில் இயங்குவதால், அதில் 2,000 முறை மட்டுமே காற்றை உள்ளிழுக்கும். முழுமையாக இழுத்தாலும் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,570 லீற்றர். குழாய்களினதும் வால்வுகளினதும் தடை காரணமாக உண்மையில் கிடைப்பது இதனிலும் குறைவு. வலுவைக் கூட்டவேண்டுமாயின் மூன்று வழிகள் மட்டுமே உள்ளன. உருளையைப் பெரிதாக்கலாம், எஞ்சினை விரைவாகச் சுழலச் செய்யலாம், அல்லது அதே உருளைக்குள் கூடிய காற்றை வலிந்து திணிக்கலாம்.

லாண்ட் றோவர் நிறுவனம் முதலில் முதல் வழியை நாடியது. 1984இல் முசலத்தின் அடிப்பு நீளம் 88.9 மில்லிமீற்றரிலிருந்து 97 மில்லிமீற்றராகக் கூட்டப்பட்டு, எஞ்சின் 2,495 கன சென்ரிமீற்றர் ஆயிற்று. கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடியது. வலுவும் 62இலிருந்து 68 பரிவலுவாக, அதாவது ஏறத்தாழ 10 வீதமே கூடியது. காற்றே எல்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாவது வழி பாரமான உறுப்புக்களைக் கொண்ட டீசல் எஞ்சினுக்கு ஒவ்வாதது. எஞ்சியது மூன்றாவது வழியே.

2. வலிந்து ஊட்டும் இரு முறைகள்

காற்றைத் திணிப்பதற்கு ஓர் அமுக்கி வேண்டும். அந்த அமுக்கியை எஞ்சினே தனது கிராங் தண்டிலிருந்து ஒரு பட்டியினாலோ பற்சில்லினாலோ சுழற்றுமாயின் அது சூப்பர் சார்ஜர் எனப்படும். எஞ்சின் கழித்துவிடும் புகைவாயு ஒரு சுழலியைச் சுழற்ற, அச்சுழலியின் அதே தண்டில் அமைந்த அமுக்கி காற்றைத் திணிக்குமாயின் அது டேர்போ சார்ஜர். முன்னையது எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் உடனடியாகப் பயன் தரும். ஆனால் தான் தரும் வலுவில் ஒரு பகுதியைத் தானே உண்டுவிடும். பின்னையது, எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக வெளியே வீணாகும் வெப்பத்திலிருந்து தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. எனினும் அது முற்றிலும் இலவசமானதன்று. சுழலி புகைவாயுவின் பாதையில் தடையாக நிற்பதால் முசலம் அவ்வாயுவைத் தள்ளுவதற்குக் கூடிய வேலை செய்யவேண்டும். அத்துடன், புகைவாயு போதிய அளவு பாயும் வரை டேர்போவின் பயன் தோன்றாது.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிறெட் பூக்கி இம்முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் ஐக்கிய அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர், 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுசென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 பரிவலு தந்த அவ்வெஞ்சின் மலையுச்சியின் மெல்லிய காற்றில் 230 பரிவலு அளவுக்கு வீழ்ந்தது. டேர்போவின் துணையுடன் இழந்ததை முற்றாக மீட்டது. நமது நாட்டின் நுவரெலியாவில்கூட வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்திலுள்ளதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு என்பதை எண்ணும்போது, மலைப் பாதையில் ஓடும் வாகனத்துக்கு இது வெறும் ஆடம்பரமன்று என்பது புலனாகும். கப்பல்களிலிருந்து லொறிகளுக்கும், 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் மூலம் டீசல் கார்களுக்கும் பரவிய இம்முறை, 1986இல் லாண்ட் றோவரின் சொந்த எஞ்சினை வந்தடைந்தது.

3. அமுக்கமும் அடர்த்தியும் ஒன்றல்ல

இவ்விடத்தில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். வாயுவை அமுக்கினால் அது சூடேறும்; சைக்கிள் பம்பியின் அடிப்பகுதி சுடுவதை நாம் யாவரும் அறிவோம். சூடேறிய காற்று விரிய முயல்கிறது. ஆகவே அமுக்கம் கூடிய அளவுக்கு அடர்த்தி கூடுவதில்லை. எஞ்சினுக்கு வேண்டியது அமுக்கமன்று, அடர்த்தியே.

ஓர் எளிய கணிப்பு இதனை விளக்கும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 1.7 மடங்குக்கு அமுக்குவதாகக் கொள்வோம். அமுக்கி 65 வீத வினைத்திறன் உடையதாயின் காற்று ஏறத்தாழ 106 பாகைக்குச் சூடேறும். அமுக்கம் 70 வீதம் கூடியபோதிலும் அடர்த்தி 36 வீதமே கூடியிருக்கும். அதே காற்றை உருளைக்குள் செல்லுமுன் ஒரு குளிர்த்திக்கூடாக அனுப்பி 60 பாகைக்குத் தணித்தால், அடர்த்திக் கூடுதல் ஏறத்தாழ 55 வீதமாக உயரும். மெக்கானிக்குகள் இன்டர்கூலர் என அழைக்கும் உறுப்பின் பயன் இதுவே. அது வலுவைக் கூட்டுவதுடன் எஞ்சினின் உள்வெப்பத்தையும் தணிக்கிறது. இவ்விரண்டாவது பயனே முதலாவதிலும் பெரிது என்பதைப் பின்னர் காண்போம்.

4. 1986இன் எஞ்சின்

நிறுவனத்தின் வழக்கில் 19ஜே என வழங்கிய டேர்போ டீசல், 2,495 கன சென்ரிமீற்றர் எஞ்சினையே அடிப்படையாகக் கொண்டது. வலு 68இலிருந்து 85 பரிவலுவாக, அதாவது 25 வீதம் கூடியது. முறுக்கம் 155 நியூற்றன் மீற்றரிலிருந்து 203ஆக, ஏறத்தாழ 31 வீதம் கூடியது. சேற்றிலும் மேட்டிலும் இழுக்கவேண்டிய வாகனத்துக்கு உச்ச வலுவிலும் முறுக்கமே முக்கியம். அந்த முறுக்கம் நிமிடத்துக்கு 1,800 சுழற்சி என்ற தாழ்ந்த வேகத்திலேயே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நிறுவனம் டேர்போவைப் பொருத்திவிட்டுக் கைகழுவவில்லை. எஞ்சினின் கட்டை மாற்றியமைக்கப்பட்டது, புகைவாயு வால்வுகள் வெப்பம் தாங்கும் நிக்கல் கலப்புலோகத்தில் செய்யப்பட்டன, முசலங்கள் வலுப்படுத்தப்பட்டன, எண்ணெய்க்குத் தனிக் குளிர்த்தி வழங்கப்பட்டது. இவ்வளவு செய்தும் இவ்வெஞ்சின் நற்பெயர் ஈட்டவில்லை. முசலங்கள் வெடிப்பதும், தலைக் கஸ்கெற் பழுதாவதும், கிராங் அறையின் வாயு எண்ணெயைக் காற்று வடிகட்டிக்குள் தள்ளுவதும் அதன் தொடர் நோய்களாயின. குறிப்பாக, நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டப்பட்ட வாகனங்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன.

இதற்கான காரணத்தை எஞ்சினின் அமைப்பிலேயே தேடவேண்டும். அதன் தகனம் நேராக உருளைக்குள் தொடங்குவதில்லை. உருளைத் தலையிலுள்ள சிறிய முன்னறையில் தொடங்கி, அங்கிருந்து ஒடுங்கிய கழுத்தினூடாகத் தீத்தாரையாக முசலத்தின் முடிமீது பாய்கிறது. இம்முறை எஞ்சினை அமைதியாக ஓடச் செய்யும். எளிய பம்பியுடனும் இயங்கும். ஆனால் முன்னறையின் சுவர்களுக்கும் உருளைத் தலைக்கும் பெருமளவு வெப்பம் இழக்கப்படுகிறது. முசல முடியின் ஒரே இடத்தை அத்தாரை மீண்டும் மீண்டும் சுடுகிறது. குளிரில் எரியத் தொடங்குவதற்காக 21:1 என்ற உயர்ந்த நெருக்கல் விகிதமும் வைக்கப்பட்டிருந்தது. 62 பரிவலு எஞ்சினில் பொறுக்கத்தக்கதாயிருந்த இவ்வெப்பம், கூடிய காற்றும் கூடிய எரிபொருளும் வந்துசேர்ந்தபோது பொறுக்கமுடியாததாயிற்று. இன்டர்கூலரும் இல்லாமையால் உட்செல்லும் காற்றே சூடானதாக இருந்தது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்னரே தன் வலிமையை இழந்துவிடும். அளவில் ஏற்பட்ட மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பில் மாற்றமாகிறது என்ற இயங்கியல் உண்மையை இதனிலும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

5. ஏன் பழைய எஞ்சின்?

இக்குறைபாடுகளைப் பொறியியலாளர் அறியாதிருந்தனர் எனக் கொள்வது பொருந்தாது. பின்னர் ஏன் புதிய எஞ்சினை அமைக்காது பழையதையே தெரிந்தனர்? விடை எஞ்சினுக்கு வெளியே உள்ளது.

லாண்ட் றோவரை உள்ளடக்கிய பிறிற்றிஷ் லேலண்ட் நிறுவனம் 1975இல் அரச உடைமையாக்கப்பட்டது. கூட்டு நிறுவனத்தின் பல பிரிவுகள் நட்டத்தில் இயங்க, மூலதனத்துக்கு எங்கும் தட்டுப்பாடு நிலவியது. எஞ்சின் கட்டையைத் துளைத்துக் கடையும் இயந்திரத் தொகுதிகள் குறிப்பிட்ட ஒரு கட்டைக்கெனவே அமைக்கப்படுவன. உருளைகளுக்கிடையிலான தூரத்தை மாற்றுவதாயின் அத்தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும். ஆகவே, பழைய கட்டையின் அளவுகளுக்குள் நின்றே புதியதைத் தேடவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. இதற்கிடையில் ஆபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் யப்பானிய வாகனங்கள், குறிப்பாகப் பெரிய எஞ்சின் பூட்டிய ரொயொற்றா லாண்ட் குறூசர், பழைய சந்தைகளைக் கைப்பற்றிக்கொண்டிருந்தன. 1986இலேயே இந்நிறுவனத்தை அமெரிக்க ஜெனரல் மோட்டோர்சுக்கு விற்கும் பேச்சும் நடைபெற்று, பொதுமக்களின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், 1988இல், கூட்டு நிறுவனம் பிறிற்றிஷ் ஏரோஸ்பேசுக்கு விற்கப்பட்டது. இச்சூழலிற் பிறந்த டேர்போ எஞ்சினை ஒரு தொழினுட்பத் தெரிவாக மட்டும் கருதுதல் தகாது. முசலத்தில் விழுந்த வெடிப்பு மூலதனப் பற்றாக்குறையின் வெடிப்புமாகும்.

6. முழுமையை மாற்றியபோது

இதனை அடுத்து வந்த எஞ்சின் இக்கூற்றுக்கு மறுபக்கச் சான்றாகிறது. 1989இல் டிஸ்கவரி வாகனத்திலும் 1990இல் டிபென்டர் வாகனத்திலும் அறிமுகமான 200 ரிடிஐ எஞ்சின் அதே 90.47 மில்லிமீற்றர் விட்டமும் அதே 97 மில்லிமீற்றர் அடிப்பும் அதே 2,495 கன சென்ரிமீற்றரும் கொண்டது. பழைய இயந்திரத் தொகுதிகளின் எல்லைக்குள்ளேயே அதுவும் உருவாயிற்று. ஆனால் முன்னறை நீக்கப்பட்டு எரிபொருள் நேரடியாக முசல முடியின் குழிக்குள் விசிறப்பட்டது. நெருக்கல் விகிதம் 19.5:1 ஆகக் குறைக்கப்பட்டது, இன்டர்கூலர் சேர்க்கப்பட்டது. டிபென்டரில் அது 107 பரிவலுவும் 255 நியூற்றன் மீற்றரும் தந்தது. 19ஜே எஞ்சினோடு ஒப்பிடின் இரண்டுமே ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். அவ்வாறிருந்தும் அது முந்தியதிலும் நீடித்து உழைத்தது. எரிபொருளையும் குறைவாகவே உண்டது. நேரடி விசிறல் முறை முன்னறை முறையிலும் பொதுவாக 10 முதல் 15 வீதம் வரை எரிபொருளைச் சேமிப்பது அறியப்பட்ட உண்மை.

ரொயொற்றா நிறுவனமும் 1990இல் இதே பாடத்தை வேறு வகையில் வெளிப்படுத்தியது. 4,164 கன சென்ரிமீற்றர் என்ற ஒரே அளவில் அது இரு எஞ்சின்களைத் தந்தது. டேர்போ இல்லாதது முன்னறையும் 22க்கு மேற்பட்ட நெருக்கல் விகிதமும் கொண்டது. டேர்போ உடையதோ நேரடி விசிறலும் 18.6 என்ற விகிதமும், முசலங்களின் அடிப்புறத்தில் எண்ணெய் பாய்ச்சிக் குளிர்விக்கும் தாரைகளும் கொண்டது. அமைத்தவர்களே இவ்விரண்டையும் வெவ்வேறு எஞ்சின்களாகக் கருதினர் என்பதை, முதலாவதற்கு வெளியிலிருந்து டேர்போ வாங்கிப் பூட்ட விழைவோர் மனங்கொள்ளல் நன்று.

7. தாமே பொருத்துவோர் கவனிக்கவேண்டியவை

பழைய வாகனத்தைக் கைவிடாது திருத்திப் பயன்படுத்துதல் வறிய நாடுகளில் விருப்பத்தாலன்றித் தேவையால் நிகழ்வது. ஆகவே அதனை இகழ்வது நமது நோக்கமன்று. எவ்வாறு செய்வது அறிவுடைமை என்பதே வினா.

முதலாவதாக, எஞ்சினின் எலும்புக்கூட்டை நோக்கல் வேண்டும். 2.25 லீற்றர் எஞ்சினின் கிராங் தண்டு 1980 வரை மூன்று தாங்கிகளிலேயே தங்கியிருந்தது. அதன் பின்னரே ஐந்து தாங்கிகள் வந்தன. மூன்று தாங்கி எஞ்சினுக்குக் கூடிய அமுக்கத்தை ஊட்டுவது அதன் ஆயுளை விலையாகக் கொடுப்பதாகும்.

இரண்டாவதாக, எரிபொருளின் அளவை எச்சரிக்கையுடன் கூட்டவேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் கூட்டினால் வலு சிறிதே கூடும். ஆனால் தகனம் தூய்மையடையும், வாயுவின் வெப்பநிலையும் தணியும். வலு விரும்புவோர் பம்பியின் திருகாணியைத் திருப்பும்போதே அபாயம் தொடங்குகிறது. பழைய பம்பிகளில் டேர்போவின் அமுக்கத்தை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இல்லை. ஆதலால் டேர்போ விழித்தெழாத தாழ்ந்த வேகத்தில் எரிபொருள் மிகுந்து கரும்புகை எழும். சுழலிக்கு முன்னால் புகைவாயுவின் வெப்பநிலையை அளக்கும் மானி ஒன்றைப் பொருத்தாது இத்திருகாணியைத் தொடலாகாது. வெப்பநிலை 700 பாகை செல்சியசை அண்மித்து நிலைக்குமாயின் பாதத்தைத் தளர்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணெய். டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட முறை சுழல்வது. மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றே அதனைத் தாங்குகிறது. அழுக்கேறிய எண்ணெய் அதற்கு நஞ்சு. கடுமையாக ஓடி நின்றவுடன் எஞ்சினை நிறுத்தினால், பாய்ச்சலற்ற எண்ணெய் சூட்டிற் கருகித் தாங்கியை அடைக்கும். ஓரிரு நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல் சிறு பழக்கமாயினும் பெரும் செலவைத் தவிர்க்கும்.

நான்காவதாக, எஞ்சினுக்குப் பின்னாலுள்ளவை. கூடிய முறுக்கம் கிளச், கியர்ப்பெட்டி, பின்னச்சு ஆகியவற்றினூடாகவே சில்லை அடைகிறது. பழைய லாண்ட் றோவரின் பின்னச்சுத் தண்டுகள் டேர்போ இல்லாத காலத்திலேயே முறிவதற்குப் பெயர்பெற்றவை. விரைவு கூடினால் நிறுத்தும் ஆற்றலும் கூடவேண்டும். பழைய டிரம் பிரேக்குகள் அதற்கென அமைக்கப்பட்டவையல்ல.

பெற்றோல் எஞ்சினுக்கு இன்னொரு தடையுண்டு. அங்கு காற்றும் எரிபொருளும் கலந்தே நெருக்கப்படுவதால், மிகை அமுக்கத்தில் அக்கலவை பொறிக்குக் காத்திராது தானே வெடித்து முசலத்தைத் தாக்கும். எனவே நெருக்கல் விகிதத்தைக் குறைத்தல், பொறி தோன்றும் நேரத்தைப் பிந்தச் செய்தல், தரமான பெற்றோலை நாடுதல் என்பன இன்றியமையாதன.

இவற்றுடன் சமூகக் கடப்பாடு ஒன்றும் உளது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. வாகனத்தின் வலு அதன் உடைமையாளருக்கு; புகையோ தெருவோரத்தில் நிற்பவர் அனைவருக்கும். கரும்புகை கக்கும் ‘திருத்தத்தை’ முன்னேற்றம் எனக் கொள்ளமுடியாது.

8. முடிவுரை

டிபென்டர் வாகனத்தின் பழைய வடிவம் 2016 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும் நாம் ஆராய்ந்த எஞ்சின்கள் பல நாடுகளில் இன்னும் உழைக்கின்றன. அவற்றுக்கு டேர்போ பொருத்தும் முயற்சிகளும் தொடர்கின்றன. மேலே கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். ஓர் இயந்திரம் உறுப்புக்களின் வெறும் கூட்டமன்று. ஒன்றோடொன்று சமநிலை கண்ட உறவுகளின் தொகுதி. அதில் ஓர் உறவை மாற்றினால் ஏனையவும் மாற்றத்தை வேண்டி நிற்கும். 1986இல் அவற்றுட் சில மாற்றப்பட்டன, அடிப்படையானது மாற்றப்படவில்லை. 1989இல் அடிப்படையே மாற்றப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே உலோகக் கட்டையிலிருந்து பிறந்தவை என்பதே இவ்வொப்பீட்டின் பெறுமதி.

இறக்குமதி செய்த பொறிகளுடன் வாழும் நம்மைப் போன்ற சமூகங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பெட்டியில் அடைத்து விற்கப்படும் உறுப்பை வாங்கிப் பூட்டுவது தொழினுட்ப அறிவாகாது. காற்று எங்கே எல்லையாகிறது, வெப்பம் எங்கே சேர்கிறது, சுமை எந்தத் தண்டில் விழுகிறது என்பவற்றைக் கணித்துத் தீர்மானிக்கும் ஆற்றலே அறிவாகும். அவ்வாற்றல் பட்டறையில் நிற்கும் தொழிலாளியிடம் அனுபவமாகவும் பல்கலைக்கழகத்தில் கோட்பாடாகவும் பிரிந்து கிடக்கிறது. தாய்மொழியில் இவ்விரண்டையும் ஒருவர்க்கொருவர் விளங்கும்படி செய்வது நமது கடமைகளுள் ஒன்று. இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சி.